விட்டுவிட்டு வரும் கோளாறு

அடியோடு நின்றுபோன வண்டியைக் கண்டு பட்டறைக்காரர் பயப்படுவதில்லை. கோளாறு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்; அவர் டீ குடித்துவிட்டு வரும்வரை எங்கும் போகாது. டேங்கிலிருந்து நாசில்வரை ஒவ்வொரு இணைப்பாகத் தளர்த்திப் பார்த்துக்கொண்டே வந்தால், டீசல் எந்த இடத்தில் நின்றதோ அங்கே கை வைத்துவிடலாம். விடிகாலையில் எடுக்க மறுத்துவிட்டு, பத்து மணிக்குப் பட்டறை வாசலில் சாவியைத் தொட்டதுமே எடுத்துக்கொள்கிற வண்டிதான் திணறடிக்கும்.

திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரத்தில் இதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று அங்கே இருக்கிறது. வந்து இறங்கும் காயில் பெரும்பங்கு கேரளாவுக்குப் போகிறது. தோட்டத்துக்கும் சந்தைக்கும் நடுவே ஓடுவது பெரும்பாலும் பிக்கப்தான். வடகாடு வழியாகப் பாச்சலூர் ஏறும் மலைச்சாலையிலும் அதே பிக்கப். பலவும் கைமாறி வந்த பழைய வண்டிகள். எலக்ட்ரானிக்ஸ் ஏதும் இல்லாத, மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் இன்ஜின்கள். ஓட்டுபவரே சொந்தக்காரர், அவரே லோடு ஏற்றுபவர், தவணை கட்டுபவரும் அவரே. காலையில் வண்டி எடுக்கவில்லை என்றால் பறித்து வைத்த தக்காளி வெயிலில் கிடக்கும், ஏலம் முடிந்துவிடும், அடுத்த முறை அந்தத் தோட்டக்காரர் வேறு வண்டியைக் கூப்பிடுவார்.

அவர் பட்டறைக்கு வந்து சொல்வதைக் கேளுங்கள். “அண்ணே, காலைல எவ்ளோ நேரம் செல்ஃப் அடிச்சேன், எடுக்கவே இல்ல. ஆள் வெச்சுத் தள்ளித்தான் எடுத்துட்டு வந்தேன்.” மெக்கானிக் சாவியைத் திருப்புகிறார். இன்ஜின் உடனே பிடித்துக்கொள்கிறது. “இப்ப எடுக்குதே தம்பி.” அந்த இடத்தில் ஓட்டுநரின் முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சொன்னதற்கு எதிராக அவருடைய வண்டியே சாட்சி சொல்லிவிட்டது. இன்ஜின் சூடாக இருக்கிறது, லைன் முழுக்க டீசல் நிரம்பியிருக்கிறது, எடுக்கத்தான் செய்யும் என்பதை அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு பொருள் மாற்றும் படலம் தொடங்கும். முதலில் டீசல் ஃபில்டர், விலை குறைவு என்பதால். பிறகு ஃபீட் பம்ப். பிறகு நாசிலைக் கழற்றிச் செக் பண்ணி மாட்டுவது. அதற்கும் அடங்கவில்லை என்றால் பம்பையே இறக்கி, பம்ப் சர்வீஸ் செய்யும் கடைக்கு அனுப்புவது. இதில் விசித்திரம் என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் பலன் தெரியும். ஃபில்டர் மாற்றியதும் வண்டி சில நாள் ஒழுங்காக எடுக்கும். ஃபீட் பம்ப் மாற்றியதும் எடுக்கும். எந்தப் பாகத்தைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் லைனில் ஏர் எடுத்தாக வேண்டும்; தளர்ந்திருந்த நட்டு ஒன்றிரண்டு அந்தச் சாக்கில் இறுகும்; பழைய ரப்பர் குழாய் கொஞ்சம் அசைந்து வேறு வாகில் உட்காரும். அதோடு, எதையுமே தொடாவிட்டாலும் சில நாள் காணாமல் போகிற கோளாறு இது. அந்த நல்ல நாட்களின் பெருமையெல்லாம் கடைசியாக மாற்றிய பாகத்துக்குப் போய்ச் சேர்கிறது. கோளாறு திரும்பி வரும்போது, ‘இது வேற பிரச்சினை’ என்று அடுத்த பாகம் தொடங்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு வண்டியில் இது எவ்வளவு தூரம் போனது என்று சொல்ல வேண்டும். வடகாடு சாலையில் மலையடிவாரத்தில் வீடு. வாசல் ஏற்றமான மண்தரை. இரவில் வண்டி மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நிற்கும். காலையில் எடுக்காது. பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதுசு வாங்கிப் போட்டார். புதுப் பேட்டரியையும் முழுக்க நம்பாமல், எதற்கும் உருட்டி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று வண்டியைத் திருப்பி, மூக்கைப் பள்ளத்துப் பக்கம் வைத்து நிறுத்தத் தொடங்கினார். அன்றிலிருந்து காலையில் உடனே எடுத்தது. பேட்டரிதான் காரணம் என்று வீட்டிலும் பட்டறையிலும் எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. தைரியம் வந்ததும் பழையபடி மேட்டுப் பக்கம் மூக்கை வைத்தார். மறுநாள் காலை எடுக்கவில்லை. பேட்டரிக் கடையில் போய்ச் சண்டை போட்டார்.

ஒரே சமயத்தில் இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. ஒன்றுக்குப் பணம் கொடுத்திருந்தார், அதனால் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. மற்றதற்குச் செலவே இல்லை. அது ஒரு மாற்றம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

மூக்கு எந்தப் பக்கம் என்பதில் அப்படி என்ன இருக்கிறது? இந்த ரக வண்டியில் டேங்க் சேஸிஸின் பக்கவாட்டில், இன்ஜினுக்குப் பின்னால் தாழ்வாகத் தொங்குகிறது. இன்ஜினோடு ஒட்டியிருக்கும் ஃபீட் பம்ப்தான் டீசலை அங்கிருந்து உறிஞ்சி எடுத்து, ஃபில்டர் வழியாக இன்ஜெக்ஷன் பம்புக்குத் தள்ளுகிறது. ஆக, ஃபீட் பம்புக்கு முன்னால் இருக்கும் குழாயில் வேலை செய்வது உறிஞ்சல். வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் குறைவு. அந்தக் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால், ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஒழுகலைத் தேடிப் பழகிய மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் எல்லா இடமும் காய்ந்து சுத்தமாக இருக்கும். “லைன்ல எங்கயும் லீக் இல்ல” என்று மனதாரச் சொல்லிவிடுவார். அவர் பார்த்தது உண்மை. அவர் தேடிய அடையாளம்தான் இந்தப் பக்கத்துக்குப் பொருந்தாது.

ஓடும்போது இந்தக் காற்று அவ்வளவாகத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக வருவதை ரிட்டர்ன் லைன் டேங்குக்கே கொண்டுபோய் விட்டுவிடும். வண்டியை நிறுத்திய பிறகுதான் வினை. விரிசல் வழியாகக் காற்று புகுந்து இடம் கொடுக்க, குழாயில் ஏறி நின்ற டீசல் தன் எடையாலேயே மெல்ல டேங்குக்கு இறங்கிவிடுகிறது. மூக்கு மேட்டில் இருந்தால் இறக்கம் அதிகம். இரவு முழுக்க நேரமும் கிடைக்கிறது. மூக்கு பள்ளத்தில் இருந்தால் டேங்க் மட்டம் உயர்ந்துவிடும், டீசல் திரும்பிப் போக வழியில்லை. காலையில் செல்ஃப் அடிக்கும்போது இன்ஜெக்ஷன் பம்புக்குள் போவது நுரைதான். பழைய டீசல் இன்ஜினின் நாசில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். டீசல் அவ்வளவு எளிதில் நசுங்காது, அதனால் பம்பின் சின்ன அடியிலேயே அழுத்தம் அந்த அளவுக்கு ஏறிவிடும். காற்று நசுங்கிவிடும். பம்ப் அடிக்க அடிக்க உள்ளே குமிழி சுருங்கி விரிகிறதே தவிர நாசில் திறப்பதில்லை. இன்ஜின் நன்றாகச் சுற்றும், சைலன்சரில் புகைகூட வராது.

இந்தக் கோளாறோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்துபவர்களும் உண்டு. எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் பானட்டைத் திறந்து கைப்பம்பை அடித்து, லைனை நிரப்பிவிட்டுத்தான் சாவி போடுவார்கள். “இந்த வண்டிக்கு அப்படித்தான், பழகிப்போச்சு” என்பார்கள். அதே வண்டி விலைக்கு வரும்போது, வாங்க வருபவர் வருவதற்குள் ஒருதரம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்தியிருப்பார்கள். பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் சாவி கேட்பதற்கு முன்னால் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் ‘நாளைக்குக் காலைல வரேன்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது.

அந்த மலையடிவார வண்டியில் கடைசியாகக் கை வைத்தவர் பழனி சாலையில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர். அவர் பானட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். “காலைல மட்டுமா, மத்தியானம் நிறுத்தி எடுத்தாலும் இப்படியா?” “செல்ஃப் நல்லா சுத்துதா, இழுவையா சுத்துதா?” “சுத்தறப்ப வெள்ளப் புகை வருதா, ஒண்ணுமே வரலையா?” “டேங்க்ல டீசல் எவ்ளோ இருக்கறப்ப?” “ராத்திரி வண்டி எங்க நிக்குது?” கடைசிக் கேள்விக்கு “வீட்லதாண்ணே” என்றார் ஓட்டுநர். “வீட்லன்னா, மூஞ்சி எந்தப் பக்கம் வெச்சு?”

அந்தத் தொழிலில் உச்சமான திறமை இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிவதுதான் என்று நான் நினைக்கிறேன். ஸ்பானர் பிடிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். எதைக் கேட்பது என்பது பல வண்டிகளின் காலைப்பொழுதுகளை மனதுக்குள் சேர்த்து வைத்தவருக்குத்தான் வரும். புகைக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரிவதற்குச் சூடு போதவில்லை. ஒன்றுமே வராவிட்டால் டீசலே போகவில்லை. ஒரு பொருளையும் கழற்றாமல் பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது அந்த ஒரு கேள்வி.

பிறகு அவர் செய்தது செலவே இல்லாத வேலை. ஃபீட் பம்புக்கு வரும் ரப்பர் குழாயை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு முழத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூபை மாட்டினார். வண்டியை அன்றிரவு பட்டறையிலேயே, சாலையோரச் சரிவில் மூக்கை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கோளாறு தானாக வரட்டும் என்று அதற்குத் தோதான இடத்தைப் போட்டுக் கொடுத்தார். காலையில் நானும் போய்ப் பார்த்தேன். ட்யூபின் அடிவளைவில் மட்டும் விரல் அகலத்துக்கு டீசல் தேங்கியிருந்தது, மேலே வெறும் காற்று. கைப்பம்பை அழுத்தினார். முதலில் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று போனது. பிறகு வெளிர்மஞ்சளாக டீசல் ஏறி வந்தது. ஏறும்போதே நடுநடுவே ஊசிமுனை அளவில் குமிழிகள் வரிசைபிடித்து வந்தன. லைன் நிரம்பிய பிறகும் அந்த வரிசை நிற்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஓட்டுநரைக் கூப்பிட்டு அந்த ட்யூபை மட்டும் காட்டினார்.

அடுத்து ஒரு கேனில் டீசல் ஊற்றி இன்ஜின் பக்கத்தில் வைத்து, ட்யூபை டேங்க் லைனிலிருந்து பிடுங்கிக் கேனுக்குள் விட்டார். கைப்பம்பை அடித்ததும் குமிழி நின்றது. கைக்கு இறுக்கம் தெரிந்தது. செல்ஃப் அடித்ததும் எடுத்தது. ஃபீட் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்ஷன் பம்ப், நாசில் எதிலும் குற்றமில்லை என்பதை அந்த ஒரு கேன் காட்டிவிட்டது. இவற்றில் பலவற்றை ஏற்கெனவே காசு கொடுத்து மாற்றியாகிவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது டேங்குக்கும் ட்யூபுக்கும் நடுவே சில அடிக் குழாய்.

அதில் இடத்தைக் கண்டுபிடிக்க அவர் மறுபடியும் சரிவையே பயன்படுத்தினார். பழைய குழாய்களை இருந்தபடி மாட்டி, டேங்கை முழுக்க நிரப்பி, இந்த முறை மூக்கைத் தாழ்த்தி நிறுத்தச் சொன்னார். இப்போது டேங்க் மட்டம் மேலே, குழாய் கீழே. உறிஞ்சல் போய் அழுத்தம் வந்துவிட்டது. காற்றை உள்ளே இழுத்த அதே ஓட்டை இப்போது டீசலை வெளியே விட்டாக வேண்டும். மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, சேஸிஸை ஒட்டிக் குழாய் வளைகிற இடத்தில், கிளிப்புக்கு அடியில் மறைந்த பகுதியில், புழுதி மட்டும் கொஞ்சம் கறுத்து ஈரமாகியிருந்தது. சொட்டு இல்லை. விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். குழாயை வெட்டி எடுத்து வளைத்துக் காட்டியபோது முதுகுப் பக்கம் பொடிப்பொடியாக வெடித்திருந்தது.

ரப்பர் அப்படி ஆவதற்கு வயதும் சூடும் முதல் காரணம். எரிபொருள் மாறியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாடு முழுக்க டீசலில் கந்தகம் 2017 ஏப்ரலில் 50 பிபிஎம்முக்கும், 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதியோடு 10 பிபிஎம்முக்கும் இறங்கியது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலிலுள்ள அரோமாடிக் சேர்மங்களும் குறையக்கூடும். அவற்றை உறிஞ்சிப் பல வருடம் உப்பியிருந்த பழைய நைட்ரைல் ரப்பர் சீல், அவை குறைந்ததும் சுருங்குகிறது. 1993-இல் அமெரிக்காவில் குறைந்த கந்தக டீசல் வந்தபோது பழைய பம்புகள் ஒழுகத் தொடங்கியது இப்படித்தான். ஊர்க்காற்று சுத்தமாவதற்குத் தேவையான மாற்றம் இது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் பழைய வண்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் குழாயையும் சீலையும் மாற்றிக்கொள்ளச் சொல்ல ஆள் இல்லை.

மருத்துவமும் ஒருகாலத்தில் இதே திணறல் திணறியது. முறைக்காய்ச்சல் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அல்லது இரண்டு நாள் விட்டு வரும். வராத நாளில் நோயாளி எழுந்து காட்டு வேலைக்குப் போய்விடுவார். 1880-இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் மலேரியாக் கிருமியை நோயாளியின் இரத்தத்தில் கண்டார். சில வருடம் கழித்து இத்தாலியில் கமில்லோ கோல்ஜி, காய்ச்சல் ஏறும் நேரமும், கிருமிகள் இரத்த அணுக்களை உடைத்துக்கொண்டு வெளிவரும் நேரமும் ஒன்று என்று காட்டினார். 48 மணி நேர முறை ஒரு வகைக் கிருமிக்கு, 72 மணி நேர முறை இன்னொரு வகைக்கு. அதுவரை மருத்துவரை ஏமாற்றிக்கொண்டிருந்த இடைவெளியே நோயின் கையெழுத்தாகிவிட்டது.

வண்டியிலும் இடைவெளியைத்தான் படிக்க வேண்டும். ரொம்ப நேரம் ஓடியபின் இழுவை குறைந்து நின்று, கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல எடுத்தால், டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராமல் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்பை எதிர்த்து இழுக்கிறது. நின்ற இடத்தில் உடனே மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் வேறு சோதனை தேவையில்லை. டேங்குக்குள் விழுந்த துணித்துண்டோ, டீசல் கேனின் பிளாஸ்டிக் சீலோ உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டினாலும் வண்டி நிற்கும். நின்றதும் உறிஞ்சல் போய் அது விழுந்துவிடும், மறுபடி எடுக்கும். டீசல் கால் டேங்குக்குக் கீழே போகும்போது மட்டும் வந்தால், அந்த உயரத்தில் உறிஞ்சு குழாயில் ஓட்டை. லோடோடு மேடு ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கினால் ஃபில்டர் அடைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முறை இருக்கிறது.

இதுவரை சொன்னது செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் எடுக்காத கதை. சுற்றுவதே இழுவையாக இருப்பது வேறு சங்கதி. இரண்டையும் ‘ஸ்டார்ட் ஆகல’ என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுவதால்தான் பாதிக் குழப்பம். டீசல் இன்ஜினுக்குப் பிளக் நெருப்பு கிடையாது. காற்றை வேகமாக நசுக்கி வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே ஆறிப்போகும். மின்சாரக் கோளாறு அப்போது டீசல் கோளாறுபோல வேடம் போட்டுக்கொண்டு வரும். மார்கழிக் காலையில், கொஞ்சம் ஏர் பிடித்த லைனும் கொஞ்சம் சோம்பலான செல்ஃபும் சேர்ந்துவிட்டால், தனித்தனியாக வண்டியை நிறுத்தியிருக்காத இரண்டும் சேர்ந்து நிறுத்திவிடும்.

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னால் எர்த் கேபிளைப் பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர், அதற்கு மேலும் இழுக்கும். அவ்வளவு மின்னோட்டத்தில் ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலேயே வைத்து (கிளாம்பில் வைக்கக் கூடாது), மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்குள் நின்றால் கவலையில்லை. ஒன்று, ஒன்றரை என்று ஏறினால் பச்சை பூத்த கேபிளோ, துருவேறிய போல்ட்டோ அந்த வழியில் இருக்கிறது. செல்ஃப் அடிக்காமல் மீட்டர் வைத்தால் இது தெரியவே தெரியாது. கேபிளுக்குள் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12.6 காட்டும், நூறு ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த ஒரு இழையின் வலு தெரியவரும். இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்த வண்டிகளில் மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்த கையோடு அந்தக் கேபிளைத் தொட்டால் சுடும்.

வேலை செய்யும் நிலையில் சோதிக்க வேண்டும் என்பதை மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 1983 முதல் 1995 வரை ஃபோர்டு கம்பெனி தன் பெட்ரோல் கார்கள் பலவற்றிலும், எஃப் வரிசை பிக்கப்களிலும் டிஎஃப்ஐ என்ற இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே பொருத்தியது. அங்கே இன்ஜின் சூடு நேராக ஏறும். சூடு மிஞ்சும்போது மாட்யூல் விட்டுவிட்டு வேலை செய்யும். ஓடும் வண்டி சாலை நடுவில் நிற்கும். சூடு ஆறியதும் எடுத்துவிடும். பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்து சேரும்போது கோளாறு இருக்காது. மத்திய சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பலமுறை விசாரித்தும் வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லவில்லை. கடைசியில் 2000-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் அலமீடா மாவட்ட நீதிபதி மைக்கேல் பாலச்சி, கம்பெனிக்கு இது தெரிந்தே இருந்தது என்று கூறி, அந்த மாநிலத்தில் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிட்டார். அமெரிக்க நீதிபதி ஒருவர் அப்படி உத்தரவிட்டது அதுவே முதல் முறை என்று அப்போது செய்தி வந்தது. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. 2001-இல் சமரசத்துக்கு வந்து, மாட்யூல் மாற்றிய செலவை ஏற்க ஒப்புக்கொண்டது. ‘ஓடிக்கிட்டே இருந்துச்சு, நின்னுடுச்சு, அப்புறம் எடுத்துடுச்சு’ என்று ஓட்டுநர்கள் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்ள ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

1996-லிருந்து அமெரிக்காவில் புதுக் கார்களும் பிக்கப்களும், கோளாறு நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பம், சுமை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கின்றன. பிறகு நம் ஊர் வண்டிகளிலும் அது வந்தது. நம் பழைய பிக்கப்பில் அப்படி எதுவும் இல்லை. அந்தக் கணத்தைப் பார்த்தவர் ஓட்டுநர் ஒருவர்தான். அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்காத பட்டறை, கையிலிருக்கும் ஒரே பதிவைத் தூக்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடங்குகிறது.

பழனி சாலைப் பட்டறைக்காரர் அந்த வேலைக்கு வாங்கியது குழாய் விலையும் கொஞ்சம் கூலியும். குழாய் விலை ஹோட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட இல்லை. இரவுகளில் வண்டி அவர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் கேட்டதும் யோசித்ததும் காத்திருந்ததும் பில்லில் எங்கும் இல்லை. பம்பை இறக்கி அனுப்பியிருந்தால் பல மடங்கு பில் போட்டிருக்கலாம். ஓட்டுநரும் முணுமுணுக்காமல் கொடுத்திருப்பார், கண்ணுக்குத் தெரிய ஒரு பொருள் மாறியிருக்கும் அல்லவா. நம் பட்டறைகளில் பொருளுக்கு விலை இருக்கிறது, கழற்றி மாட்டுவதற்குக் கூலி இருக்கிறது, கண்டுபிடிப்பதற்கு மட்டும் கூலி இல்லை. பொறுமையாகக் கண்டுபிடிப்பவர் நஷ்டப்படுகிறார், கண்ணை மூடிக்கொண்டு மாற்றுபவர் சம்பாதிக்கிறார். அடுத்த தலைமுறைப் பையன்கள் இந்த இரண்டில் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை வண்டி மக்கர் பண்ணினால், எந்த நேரம், எவ்வளவு டீசல், எந்தச் சரிவு, என்ன புகை, செல்ஃப் எப்படிச் சுற்றியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு இரவாவது வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் மெக்கானிக், “பொருள் ஒண்ணும் மாத்தல, ஒரு நட்டுதான் லூஸா இருந்துச்சு” என்று சொன்னாலும், கண்டுபிடித்ததற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.